புதன்கிழமை கேசரோல்

எங்கள் வீட்டில் வாரத்திலேயே நெருக்கடியான நாள் புதன்கிழமை. மூத்தவளுக்கு நீச்சல் வகுப்பு ஐந்தரைக்கு முடியும். அவளை ஈரத்தலையோடு காரில் ஏற்றிக்கொண்டு, சின்னவனைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறாகிவிடும். கணவர் அந்த நேரத்தில் எங்கள் ஊரான, டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவின் 1604 சுற்றுச்சாலையில் எங்காவது நெரிசலில் நின்றுகொண்டிருப்பார். ஏழேகாலுக்குள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தாக வேண்டும், எட்டரைக்குப் பிள்ளைகள் படுத்தாக வேண்டும்.

பல வருடங்கள் இதற்கு என்னிடம் இருந்த பதில் தோசை. மாவு எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்கும், சட்னி அரைக்கப் பத்து நிமிடம். தோசைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். முதல் தோசை சின்னவனுக்கு, அடுத்தது மூத்தவளுக்கு, முறுகலாக ஒன்று கணவருக்கு, மறுபடி சின்னவனுக்கு. அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, கடைசியாக எனக்கு இரண்டு வார்த்து எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தால் அங்கே காலித் தட்டுகள்தான் இருக்கும். சப்பாத்தி, பூரி என்றாலும் இதே நிலைமைதான்.

என் அம்மாவும் இப்படித்தான் சாப்பிட்டாள். பாட்டியும். சின்ன வயதில் அப்பாவும் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது நினைவிருக்கிறது. அம்மா சாப்பிட்ட முகம் எனக்கு நினைவில் இல்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும் அவள் முதுகுதான் நினைவிருக்கிறது.

இப்போது புதன்கிழமைகளில் நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், மற்ற மூன்று பேரும் உட்காரும் அதே நேரத்தில். டெக்சஸ்காரர்கள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வைக்கும் சாப்பாடு ஒன்றுதான் அதற்குக் காரணம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவன் பிறந்த ஐந்தாவது நாள் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அறுபத்தைந்து வயதிருக்கும். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெற்கு டெக்சஸில் இருக்கிறது. டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. நாங்கள் எல்லையைத் தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்று இங்குள்ள மெக்சிக வம்சாவளியினர் சொல்வதுண்டு. அவர் கையில் ஃபாயில் போட்டு மூடிய கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. "கேசரோல் கொண்டுவந்திருக்கிறேன்" என்றார்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அந்தச் சொல் மட்டும் பிடிபட்டது. நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி ஆறாமல் போட்டுவைக்கும் ஹாட் பாக்ஸ். "டப்பா எடுத்துட்டு வந்திருக்காங்கடி. உள்ள என்ன இருக்குன்னு கேளு" என்றாள்.

இங்கே அது பாத்திரத்துக்கும் பெயர், அதில் வேகும் சாப்பாட்டுக்கும் பெயர். அடுக்கி, ஓவனில் வைத்து, அதே பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவருவது. பிள்ளை பிறந்த வீட்டுக்கும், சாவு விழுந்த வீட்டுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பிய வீட்டுக்கும் அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அன்று நான் அதைச் சாப்பிடவில்லை. எனக்குப் பத்தியம் நடந்துகொண்டிருந்தது. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், காலையில் பிரசவ லேகியம். எனக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று அம்மா இரண்டு உலை வைத்துக்கொண்டிருந்தாள். இரவில் பிள்ளை அழுதால் எழுந்திருப்பதும் அவள்தான். அந்தப் பாத்திரம் வந்த அன்று கணவரும் மூத்தவளும் இரண்டு வேளைக்கு அதையே சாப்பிட்டார்கள். அம்மா மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள். பிரசவத்துக்கு வந்ததிலிருந்து அவள் பகலில் கண்ணை மூடியது அன்றுதான்.

பாத்திரத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டி அவர்கள் குடும்பப் பெயரை எழுதியிருந்தார்கள். நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிவைப்பதைப் போலத்தான். வீடு வீடாகப் போய்வரும் பாத்திரம் அல்லவா. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ரவா கேசரி கிளறி நிரப்பிக் கொடுத்தாள். அப்போதிலிருந்து அந்தப் பாத்திரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கிறது.

பத்தியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் நான் அதை ருசி பார்த்தேன். முதல் வாயிலேயே சீரக வாசம். நன்றாக வறுத்த சீரகம். அப்புறம் மிளகாய், வெங்காயம், அடியில் சோள மணம். அடுத்த வாரமே அவர் சமையலறையில் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் கிங் ராஞ்ச் சிக்கன். கிங் ராஞ்ச் என்பது சான் அன்டோனியோவுக்குத் தெற்கே, கிங்ஸ்வில் ஊரை ஒட்டியிருக்கும் பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணை. ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய ரிச்சர்ட் கிங் 1853-ல் தொடங்கியது. இன்று அது சுமார் 8,25,000 ஏக்கர். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாந்தா கெர்ட்ரூடிஸ் என்ற மாட்டினத்தையே உருவாக்கிய பண்ணை அது. அப்படிப்பட்ட இடத்தின் பெயர் ஒரு கோழிச் சாப்பாட்டுக்கு எப்படி வந்தது என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மகளிர் சங்கங்களும் தேவாலயங்களும் அச்சடித்த சமையல் தொகுப்புகள் வழியாக இது வீடுவீடாகப் பரவியது. எந்த உணவகத்திலும் பிறந்ததாகத் தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்தே வளர்ந்த சாப்பாடு.

அதன் மூதாதை யார் என்பது சாப்பிட்டாலே புரிந்துவிடும். மெக்சிகோவில் சிலாகிலேஸ் என்று ஒன்று உண்டு. மக்காச்சோள மாவில் தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டிக்கு டோர்டியா என்று பெயர். முதல் நாள் மிஞ்சி விறைத்துப்போன டோர்டியாவைத் துண்டாக்கிப் பொரித்து, மிளகாய்ச் சாற்றில் புரட்டிக் காலையில் சாப்பிடுவார்கள். மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா செய்கிறோமே, அந்தப் புத்திதான். அந்தச் சிலாகிலேஸோடு அமெரிக்க டின் சூப்பும் மஞ்சள் சீஸும் சேர்ந்தால் கிங் ராஞ்ச்.

டெக்சஸில் வாழும் மெக்சிக வம்சாவளியினரின் இந்தச் சமையலை டெக்ஸ்-மெக்ஸ் என்பார்கள். அந்தப் பெயரே முதலில் ஒரு ரயிலின் செல்லப்பெயர். கார்பஸ் கிறிஸ்டிக்கும் லரேடோவுக்கும் நடுவில் 19-ஆம் நூற்றாண்டில் போடப்பட்ட டெக்சஸ் மெக்சிகன் ரயில்பாதையை அப்படித்தான் சுருக்கிச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பரவலானது 1970-களில். அப்போது அதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. இது அசல் மெக்சிகச் சமையல் இல்லை, கலப்படம் என்ற அர்த்தத்தில் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதில்லை. எதிர்வீட்டு அம்மாவின் பாட்டி இந்த மண்ணில்தான் பிறந்து, இந்த மண்ணில் கிடைத்ததை வைத்துத்தான் சமைத்திருக்கிறார். அதைப் போலி என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? மாட்டிறைச்சி, கோதுமை மாவு, மஞ்சள் சீஸ், தாராளமான சீரகம், இதெல்லாம் சேர்ந்த தனிச் சமையல் இது. இங்கேயே பிறந்தது.

சீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவின் உள்பகுதிச் சமையலில் சீரகத்தைக் கிள்ளித்தான் போடுவார்கள். டெக்சஸில் கரண்டியால் அள்ளிப் போடுகிறார்கள். 1731-ல் ஸ்பெயின் அரசர் கேனரித் தீவுகளிலிருந்து 16 குடும்பங்களைச் சான் அன்டோனியோவில் குடியேற்றினார். ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுகள் அவை. சீரகம் அவர்களோடுதான் இங்கே வந்தது என்று இந்த ஊரில் சொல்வார்கள். மாலை நேரத்தில் எங்கள் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து வறுத்த சீரக வாசம் வரும். புதிதாக இந்த ஊருக்கு வந்தபோது அந்த வாசத்தை முகர்ந்து, இங்கே நம்மவர்கள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

மிளகாய்த்தூள் விஷயத்தில் நம் ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்பில் சில்லி பவுடர் என்று இருந்தால் அது நம் மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த உலர்மிளகாய், சீரகம், பூண்டு, ஓரிகானோ எல்லாம் சேர்த்து அரைத்த மசாலா அது. இதே ஊர்ப்பக்கம், நியூ பிரான்ஃபெல்ஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890-களில் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். இது தெரியாமல் முதல் தடவை நான் ஊரிலிருந்து வந்த குண்டூர் மிளகாய்த்தூளை இரண்டு மேசைக்கரண்டி போட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒரு வாய்க்குமேல் தொடவில்லை. முழுப் பாத்திரமும் வீணாகிவிட்டது, அன்று எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். சில்லி பவுடர் வீட்டில் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டிக்குப் பதிலாக இரண்டு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி வறுத்த சீரகத்தூள், நசுக்கிய பூண்டு ஒரு பல் போடலாம். ஓரிகானோவுக்குக் கொல்லையில் இருக்கும் ஓமவல்லி இலை ஒன்றைப் பொடியாக அரிந்து போடுவேன். வாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான். (2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுக்க உறைந்து மின்சாரம் போனதே, அப்போது என் பழைய ஓமவல்லித் தொட்டி கருகிப்போனது. இப்போது இருப்பது ஹூஸ்டனிலிருந்து தோழி கொடுத்த கிளை.)

சரி, சமையலுக்கு வருவோம். ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலப் பாத்திரம் என்று இங்கே சொன்னால் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதற்கான அளவைச் சொல்கிறேன். நாலு பேருக்கு இரவு போதும், மறுநாள் மதியத்துக்கும் மிஞ்சும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன் ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் போட்டுவிடுவேன். செல்சியஸில் 175. கோழிக்கு வழியில் ஹெச்.இ.பி. கடையில் சுட்ட முழுக்கோழி ஒன்று வாங்கிவிடுவேன். தோலை நீக்கிப் பிய்த்தால் மூன்று கப் வரும். அதை மூத்தவள் பிய்த்துக் கொடுப்பாள், அது அவள் வேலை. எலும்பைப் போட்டுவிடாதீர்கள், உறைபெட்டியில் வைத்தால் சனிக்கிழமை ரசத்துக்கு ஆகும்.

அகலமான வாணலியில் நான்கு மேசைக்கரண்டி வெண்ணெய். உருகியதும் ஒரு தேக்கரண்டி முழுச் சீரகம். எதிர்வீட்டு அம்மா தூள்தான் போடுவார், முழுச் சீரகம் என் வழக்கம். பொரிந்ததும் பொடியாக அரிந்த பெரிய வெங்காயம் ஒன்று, போப்ளானோ மிளகாய் இரண்டு, பூண்டு நான்கு பல். போப்ளானோ கரும்பச்சையில் கைப்பிடி அளவு இருக்கும், காரம் அதிகமில்லாத மிளகாய். கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவதுபோல நெருப்பில் சுட்டுத் தோல் உரித்துப் போட்டால் இன்னும் ருசி, ஆனால் அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. போப்ளானோ கிடைக்காவிட்டால் பச்சைக் குடமிளகாயும் கூட ஒரு பச்சைமிளகாயும் போதும்.

வதங்கியதும் கால் கப் மைதா தூவி ஒரு நிமிடம் வறுக்க வேண்டும், பச்சை மாவு வாசம் போகும்வரை. பிறகு ஒன்றரைக் கப் கோழிச்சாறும் ஒரு கப் பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் கட்டி விழாமல் கெட்டியாகும். இங்கே பெரும்பாலானவர்கள் டின் சூப் இரண்டைத் திறந்து கொட்டுவார்கள். எதிர்வீட்டு அம்மாவும் அப்படித்தான். கேம்பெல் நிறுவனத்தின் காளான் கிரீம் சூப் 1934-ல் வந்தது. அமெரிக்கக் கேசரோல் இவ்வளவு வளர்ந்ததற்கு அந்த டின்னுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்களைச் சோம்பேறி என்று சொல்லும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. வேலைக்கும் போய்விட்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஏழு மணிக்கு ஐந்து பேருக்குச் சாப்பாடு வைத்த பெண்களுக்கு அது கை கொடுத்திருக்கிறது. நான் டின்னை விட்டதற்குக் காரணம் உப்பு மட்டுமே. கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. இந்த வெள்ளைச் சாறு செய்ய எட்டு நிமிடம்தான் கூடுதலாக ஆகிறது.

ஒரு டின்னை மட்டும் நான் விடமாட்டேன். அது ரோ-டெல். தக்காளியையும் பச்சைமிளகாயையும் சேர்த்து அடைத்த 10 அவுன்ஸ் டின். 1943-ல் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் எல்சா என்ற சின்ன ஊரில் கார்ல் ரோட்டெல் என்பவர் தொடங்கியது. அவர் பெயரைச் சுருக்கித்தான் டின்னுக்கு வைத்தார்கள். டெக்சஸ் வீட்டு அலமாரியில் அது இல்லாமல் இருக்காது. நம் வீட்டில் புளி இருப்பதுபோல. அதைச் சாற்றோடு அப்படியே ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி சில்லி பவுடர், உப்பு சேர்த்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகுதான் அரைக் கப் புளிப்பு கிரீம். மோர்க்குழம்பு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

இப்போது டோர்டியா. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோதுமை டோர்டியா வேண்டவே வேண்டாம். சாற்றில் ஊறிப் பசையாகிவிடும், வெட்டினால் கூழ்தான் வரும். சோள டோர்டியாதான் வேண்டும், பன்னிரண்டு. அதையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே அடுக்கக் கூடாது. தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் வாட்ட வேண்டும், அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை. ஈரம் கொஞ்சம் போனால்தான் சாற்றை உறிஞ்சிக்கொண்டும் உருவம் கெடாமல் நிற்கும். என் கல் பெரியது, ஒரே நேரத்தில் மூன்று போடலாம். மெக்சிகர்கள் டோர்டியா சுடும் கோமால் என்ற கல்லும் இதே வட்டம், இதே தட்டை. எதிர்வீட்டு அம்மா என் தோசைக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, இது யாருடைய பாட்டியுடையது என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தச் சோள மணத்துக்குக் காரணம் சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, மேல்தோலைத் தேய்த்துக் கழுவி, பிறகு அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். இப்படிச் செய்தால்தான் மாவு ஒட்டிக்கொண்டு தட்ட வரும். சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஊர்களில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற நோய் வந்தது. ஐரோப்பாவில் வந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. சுண்ணாம்பை விடாமல் பிடித்துக்கொண்ட மெக்சிகக் கிராமத்துப் பெண்களின் அறிவை நினைத்தால் எனக்கு எப்போதும் மலைப்பாக இருக்கும்.

அடுக்குவது சுலபம். அடியில் ஒரு கரண்டி சாறு பரப்பி, அதன்மேல் நான்கு டோர்டியாவைக் கையால் கிழித்துப் போட்டு மூட வேண்டும். பாதிக் கோழி, மூன்றில் ஒரு பங்கு சாறு, ஒரு கப் சீஸ். மறுபடி அதேபோல. கடைசியாக மிச்ச டோர்டியா, மிச்சச் சாறு, மேலே இன்னொரு கப் சீஸ். சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி வரும் பாக்கெட் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அது சரியாக உருகாது. செடாரும் மான்டெரே ஜாக்கும் பாதிக்குப் பாதி என் கணக்கு. சின்னவன் துருவலில் ஒரு கை அள்ளிவிடுவான், அதற்கும் சேர்த்தே துருவிக்கொள்வேன்.

ஃபாயில் மூடி இருபது நிமிடம், திறந்து பதினைந்து நிமிடம். ஓரங்களில் சாறு கொப்பளித்து, மேலே சீஸ் பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, பத்து நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் ஓடிவிடும்.

அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் புதன்கிழமையின் பெரிய வரம். அடுப்பு மேடையைத் துடைத்து, வாணலியைக் கழுவி, மூத்தவள் தலையைத் துவட்டிப் பின்னி, சின்னவனைக் குளிப்பாட்டிவிடுவேன். கணவர் வந்து தட்டு வைப்பார், அவகாடோவை வெட்டி எலுமிச்சை பிழிந்து உப்புப் போடுவார். கொத்தமல்லித்தழை அரிவதும் அவர்தான். ஏழு மணிக்குப் பாத்திரத்தை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டால் அதற்குமேல் அடுப்பில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

போன வருடம் அம்மா மறுபடி வந்திருந்தாள். முதல் புதன்கிழமை அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்த பிறகும் கையில் துணியோடு மேடைப் பக்கமே நின்றாள்.

"நீங்கள்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்."

"அப்புறமா செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. மொத்தமும் இங்கதான் இருக்கு. வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். தண்ணீர் எடுக்க ஒரு தடவை எழுந்தாள், ஊறுகாய் எடுக்க ஒரு தடவை. மேலே இருந்த சீஸை விலக்கி ஓரமாக வைத்துவிட்டு அடியில் இருந்த சோள அடுக்கை மட்டும் எடுத்துத் தின்று பார்த்தாள். "சோள தோசையை ஊறப்போட்ட மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம் பேத்தி பக்கம் திரும்பி, நீச்சல்ல இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டாள். மூத்தவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆழமான பக்கத்துக்குப் போக பயமாக இருக்கிறது, அதனால் தினமும் வயிறு வலிக்கிறது என்று டீச்சரிடம் பொய் சொல்கிறேன் என்றாள். மூன்று மாதமாக நான்தான் அவளை அந்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்குத் தெரியாது. தோசைக்கல் முன்னால் நின்றிருந்தால் அன்றும் தெரிந்திருக்காது.

சைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. என் ஓரகத்தி வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. அவர்கள் வரும்போது தனிப் பாத்திரத்தில் செய்வேன், ஒரே பாத்திரத்தில் பாதி பாதி என்ற ஏற்பாடெல்லாம் வேண்டாம். கோழிக்குப் பதில் வேகவைத்த கருப்பு பீன்ஸ் இரண்டு கப், இனிப்புச் சோளம் ஒரு கப், வதக்கிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்று. காய்கறி வேகவைத்த தண்ணீரே சாற்றுக்குப் போதும். கவனிக்க வேண்டியது இரண்டு. டின்னில் வரும் மசித்த பீன்ஸில் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருப்பார்கள், லார்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் இருக்கும். மைக்ரோபியல் அல்லது வெஜிடபிள் என்று குறிப்பிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மிஞ்சியதை மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஒரு துண்டை வெட்டித் தோசைக்கல்லில் மூடி போட்டு மெல்லிய தீயில் வைத்தால் அடி மொறுமொறுப்பாக வரும். எங்கள் வீட்டில் புதன்கிழமையை விட வியாழக்கிழமை டிபன் டப்பாவுக்குத்தான் போட்டி.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. திருச்சியிலிருந்து அவள் அம்மா வந்திருக்கிறார், சைவக் குடும்பம், மூன்று வயதில் மூத்த பையன் வேறு. பீன்ஸ் வைத்த கேசரோல் ஒன்றை ஃபாயில் தட்டில் அடுக்கி உறையவைத்தேன். உறைந்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும், அதனால்தான் ஃபாயில். மேலே வெள்ளைப் பட்டை ஒட்டித் தமிழிலேயே எழுதினேன்: "முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் இறக்கி வைக்கவும். 350-ல் 40 நிமிடம் மூடி, 15 நிமிடம் திறந்து. நடுவில் நன்றாகச் சுட வேண்டும். சைவம். சீஸும் சைவம்தான்."

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், கையில் கரண்டி. உள்ளே பூண்டு வதங்கும் வாசம். பெண்ணுக்குப் பத்தியம், இதெல்லாம் சாப்பிடக்கூடாதே என்றார்.

"அவங்களுக்கு இல்லம்மா. உங்களுக்கும் பேரனுக்கும் மாப்பிள்ளைக்கும்."

தட்டை வாங்கி, பட்டையில் இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"இதுக்குத் தொட்டுக்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்மா" என்றேன். "ஓவன்ல வச்சிட்டு நீங்க போய்ப் படுங்க."